முத்துக்குளித்துறையில் ஒரு வினையெச்சம்



எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். தூத்துக்குடியில், கடற்காற்று சன்னல் வழியே புகுந்து ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு வகுப்பறையில் ஆங்கிலக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். விடுமுறையை எவ்வாறு கழித்தாய் என்பது தலைப்பு. கடலோரத்துச் சிறுவன் வேறு எவ்வாறு கழித்திருப்பான்? நீந்தினேன் என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நீந்துவதில் எனக்கிருந்த மகிழ்ச்சியையும் சொல்ல ஆசைப்பட்டு, ‘ஐ என்ஜாய் டு ஸ்விம்’ என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து, ‘ஐ என்ஜாய் ஸ்விம்மிங்’ என்று மேலே எழுதினார். “ஐயா, ‘ஐ வாண்ட் டு ஸ்விம்’ என்று சென்ற வாரம் நீங்களே எழுதிப்போட்டீர்களே, அங்கே சரியாக இருந்தது இங்கே எப்படிப் பிழையாயிற்று?” என்று கேட்டேன். “அது அப்படித்தான்; மனப்பாடம் செய்துகொள்” என்றார். பின்னாளில் நானும் ஆங்கில ஆசிரியனானேன். அதே கேள்வியை என் மாணவர் கேட்டபோது, அதே விடையையே நானும் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

‘டு’ சேர்ந்து வரும் வடிவத்தை ஆங்கில இலக்கணத்தார் இன்பினிடிவ் என்பர்; ‘இங்’ என்று முடிந்து பெயர்போல் நிற்கும் வடிவத்தை ஜெரண்டு என்பர். எந்த வினைக்குப் பின் எது வரும் என்று நம் பாடநூல்கள் பட்டியல் தருகின்றன. பட்டியலைப் படித்துத் தேர்வு எழுதியவர் பலர். காரணம் கேட்டவர் சிலர். ஆனால் வினைச்சொல்லின் இவ்விரு வடிவங்களைப் பிரித்தறிய ஒரு மனிதர் இதே கடற்கரையில், நமக்கு நானூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே, மிகவும் பாடுபட்டார். ஆனால் அவர் கற்க முயன்றது ஆங்கிலத்தை அன்று, நம் தமிழை. அவர் கதையைச் சொல்லிவிட்டு என் பழைய கட்டுரைக்குத் திரும்புகிறேன்.

வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் கரையைப் போர்த்துகீசியர் ‘மீன்பிடிப்புக் கரை’ என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அவர்கள் கருதிய ‘மீன்’ முத்துச் சிப்பி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர் இட்ட பெயர் முத்துக்குளித்துறை. பெயரிலேயே ஓர் இலக்கணச் செய்தி ஒளிந்திருக்கிறது. ‘குளி’ என்பது இங்கே வினைத்தொகையின் பகுதியாயின், பின்னே தகர ஒற்று மிகுந்திராது. சுடுகாடு, ஊறுகாய், குடிதண்ணீர் என்பனவற்றில் மிகவில்லை அல்லவா? குளித்துறை என்று ஒற்று மிகுந்திருப்பதால், ‘குளி’ என்பது குளித்தல் என்னும் பொருளில் பெயராய் நிற்கும் முதனிலைத் தொழிற்பெயர் என்றே எனக்குப் படுகிறது. அஃதாவது, நம் ஊர்க்கரையின் பெயருக்குள்ளேயே ஒரு ‘ஜெரண்டு’ இருக்கிறது! இது என் கருத்து. புலவர் மறுப்பின் கேட்டுக்கொள்வேன்.

1530களின் நடுவில், முத்துக்குளிப்பு உரிமை பற்றி எழுந்த பூசலில் போர்த்துகீசியரின் துணையை நாடிய பரதவ மக்கள் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை நெட்டுருச் செய்து, ஊர் ஊராகச் சென்று சொல்லிக் கொடுத்தார். அந்த மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு தவறு வரலாற்றில் பதிந்திருக்கிறது. இறைவனை ‘நம்புகிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்னும் பொருளில் தமிழ்ச் சொல் அமைந்துவிட்டது! 1544இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இதனைச் சுட்டி, ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல் ஆதலால் அதனை நீக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுமாறு பணிக்கிறார்.

சிரிப்பதற்குரிய செய்தி போலத் தோன்றும். ஆனால் அந்தத் துபாசிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். கரையிலே நாள்தோறும் காதில் விழும் சொல் ‘வேணும்’. போக வேணும், குளிக்க வேணும், கூலி வேணும். ஒரு வெள்ளைக்காரர் மனத்திலுள்ள ஏதோ ஒன்றைத் தமிழில் சொல்லக் கேட்டால், அந்தச் சொல்தான் முதலில் நாவில் வந்து நிற்கும். வினையைத் தன்முன் ‘செய’ என்னும் வாய்பாட்டில் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் மிக்க சொல் அது. தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் முதலில் இடறி விழுந்த கல்லும் அதுவே.

இந்த இடறலைக் கண்டு, இனித் துபாசியை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டியவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழ் நூலோர் அவரை அண்டிரிக் அடிகளார் என்று வழங்குவர். போர்த்துகல் நாட்டில் வில்லா விசோசா என்னும் ஊரில் 1520இல் பிறந்தவர். யூதராயிருந்து கிறித்தவரான குடும்பத்தின் வழித்தோன்றல். அக்காரணத்தாலேயே தம் நாட்டில் வேறொரு துறவற சபையிலிருந்து வெளியேற வேண்டியவரானார். பின்னர் இயேசு சபையில் சேர்ந்து, 1546இல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். இக்கரையை அடைந்தபின் அவர் வாழ்வு முழுவதும் இங்கேயே கழிந்தது. 1600இல் அவர் மறையும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் புன்னைக்காயலும் அதன் சூழலுமே அவர் உலகம்.

1548ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வேம்பாரிலிருந்து தம் சபைத் தலைவர் இக்னேசியசுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. அதில் தாம் தமிழ் கற்ற வகையை விளக்குகிறார். இலத்தீன் பயிலும் மாணவன் வினைத் திரிபுகளை வரிசைப்படுத்திக் கற்பதுபோல, தமிழுக்கும் ஒருவகை இலக்கணத்தைத் தாமே அமைத்துக்கொண்டாராம். இறந்தகாலம் எது, எதிர்காலம் எது, இன்பினிடிவ் எது என்று கண்டுபிடிப்பதற்குப் பெரும்பாடு பட்டதாகக் கூறுகிறார். இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை ஆகியவற்றுக்கும் அவ்வாறே உழைத்தார். வாக்கியத்தில் வினை முன்னே வருமா, பெயர் முன்னே வருமா என்பதும் அவருக்கு ஒரு கேள்வி.

‘இன்பினிடிவைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டேன்’ என்று ஒருவர் வேம்பார் மணலில் அமர்ந்து எழுதுகிறார்! என்னைப் போன்ற ஓர் ஆங்கில ஆசிரியனுக்கு இதைப் படிக்கும்போது உண்டாகும் உணர்ச்சியை எவ்வாறு சொல்வேன்? நான் பன்னிரண்டு வயதில் தூத்துக்குடியில் பட்ட அதே பாடு. திசை மட்டுமே வேறு.

அவர் உழைப்பின் பயன் ஓர் இலக்கண நூல். ‘ஆர்தே த லிங்க்வா மலபார்’ என்பது அதன் பெயர். அக்காலத்துப் போர்த்துகீசியர் தமிழையும் மலபார் மொழி என்றே வழங்கினர். பெயரைப் பார்த்து மயங்க வேண்டா. 1549 வாக்கில் அதன் முதல் வடிவம் உருவாயிற்று. அயல்நாட்டவர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களில் கிடைப்பனவற்றுள் இதுவே முதலாவது. இதனை அக்கால உலக நிலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். போர்த்துகீசிய மொழிக்கே முதல் இலக்கணம் 1536இல்தான் வெளிவந்தது. ஜுவாவ் த பாரோஸ் எழுதிய அடுத்த இலக்கணம் 1540இல். ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்திலேயே எழுந்த முதல் இலக்கணம் வில்லியம் புல்லோக்கர் என்பவருடையது, ஆண்டு 1586. நீங்கள் இன்று அஞ்சி அஞ்சிப் படிக்கும் ஆங்கில இலக்கணம் என்பது எழுத்துருப் பெறுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, புன்னைக்காயல் பகுதியில் ஓர் அயலவர் தமிழ் வினைகளை அட்டவணைப்படுத்தி முடித்திருந்தார். நம் தொல்காப்பியமோ இவை அனைத்துக்கும் மூத்தது; அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும், அண்டிரிக் அடிகளார் தம் இலக்கணத்தை வகுத்தது தொல்காப்பியம், நன்னூல் வழியில் அன்று. அவருக்குத் தெரிந்த அச்சு இலத்தீன் அச்சு. அந்த அச்சில் தமிழை வார்க்க முயன்றார். இங்கேதான் நம் பொருளின் மையம் இருக்கிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

இலத்தீனில் இன்பினிடிவும் ஜெரண்டும் பகைவர் அல்லர், உடன்பிறந்தார். ‘நீந்துதல் நன்று’ என்று எழுவாயாக வரும்போது இன்பினிடிவ் நிற்கும். ‘நீந்தலின் கலை’, ‘நீந்தலால்’ என்று வேற்றுமை ஏற்க நேரும்போது ஜெரண்டு வந்து நிற்கும். ஒரு பெயர்ச்சொல்லின் பணியை இருவரும் பகிர்ந்துகொள்கின்றனர். தமிழிலோ நிலை வேறு. தமிழில் ‘நீந்துதல்’ என்னும் தொழிற்பெயர் எழுவாயாகவும் நிற்கும். நீந்துதலை, நீந்துதலால், நீந்துதற்கு என்று எல்லா வேற்றுமையும் ஏற்கும். அதற்கு எவர் துணையும் வேண்டா. ‘நீந்த’ என்னும் செயவென் எச்சமோ பெயரே அன்று. அது வேற்றுமை ஏற்காது, எழுவாயாகாது, வேறொரு வினையைத் தேடிச் சென்று முடிவதே அதன் இயல்பு. அதனால்தான் அதனை எச்சம் என்றனர் நம் முன்னோர்.

மேலும், இந்தச் செயவென் எச்சத்துக்கு ஐரோப்பியர் எதிர்பாராத ஒரு தனியாற்றல் உண்டு. ‘முத்தெடுக்கக் கடலுக்குச் சென்றனர்’ என்றால் அது நோக்கம். ‘காற்று வீசப் பாய் புடைத்தது’ என்றால் அது காரணம், வீசியது காற்று, புடைத்தது பாய், எழுவாய் இரண்டு. ‘கதிரவன் மறையக் கரை சேர்ந்தனர்’ என்றால் அது காலம். ஒரே சிறு வடிவம் மூன்று தொழில் செய்கிறது. எழுவாய் வேறாகத் தமிழில் எத்தடையும் இல்லை. வியப்பு என்னவென்றால், அடிகளாரின் தாய்மொழியாகிய போர்த்துகீசியத்துக்கும் இதனை ஒத்த ஓர் இயல்பு உண்டு. அம்மொழியில் இன்பினிடிவ் தனக்கென ஓர் எழுவாயைக் கொண்டு, அதற்கேற்ப இட விகுதியும் ஏற்கும். ‘ஃபலார்’ என்றால் பேச. ‘ஃபலார்மோஸ்’ என்றால் நாம் பேச. இலத்தீன் மட்டுமே கற்ற ஒருவரைவிட, இல்லத்தில் போர்த்துகீசியம் பேசிய ஒருவர்க்கு நம் செயவென் எச்சம் விரைவில் வசப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய இலக்கணம் அச்சேறாமல் கையெழுத்துப் படியாகவே லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது. அவர் எழுதிய தமிழ் நூல்கள் முந்திக்கொண்டன. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே உடைய சிறு நூல். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1586இல், புல்லோக்கரின் ஆங்கில இலக்கணம் வெளிவந்த அதே ஆண்டில், ‘அடியார் வரலாறு’. இந்நூல்களையும் ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய பிற தமிழ்ச் சுவடிகளையும் 1950களில் தேடிக் கண்டு உலகறியச் செய்தவர்களுள் தனிநாயகம் அடிகளார் தலையாயவர். அவரும் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் நிறுவி, 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழை இங்கிருந்தே தொடங்கியவர் என்பது நம் ஊரார் பலருக்கு மறந்துபோன செய்தி. அண்டிரிக் அடிகளாரின் இலக்கணம் 1982இல் ஜெர்மனியில் அச்சு வடிவம் பெற்றது. 2013இல் ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் என்னும் இரு அம்மையார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கினர். எழுதப்பட்டு நானூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்!

அடிகளாருக்குப் பின்னும் இந்த வட்டாரம் இலக்கண ஆசிரியர்களுக்குக் குறைவில்லாத வட்டாரமாகவே இருந்தது. சாயர்புரத்தில் 1840களில் ஜி. யு. போப் கல்வி நிலையம் நடத்தினார். தமிழ் கற்பார்க்குக் கையேடுகள் எழுதினார். 1841இல் இடையன்குடியில் குடியேறிய கால்டுவெல், தேரிக்காட்டு மணலின் நடுவே அமர்ந்து எழுதிய ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. கொற்கையில் அகழ்ந்து பார்த்தவரும் அவரே.

ஆனால் இந்த ஐரோப்பியர் வழிவந்த பழக்கம் ஒன்று நம் மாணவரைக் குழப்பியிருக்கிறது. ஜெரண்டு என்னும் பெயரை அவர்களுள் பலர் நம் தொழிற்பெயருக்கு இடவில்லை. ‘செய்து’ என்னும் வினையெச்சத்துக்கு இட்டுவிட்டனர். கால்டுவெல்லும் இவ்வழக்கை ஆள்கிறார். ‘வந்து போனான்’ என்பதில் உள்ள ‘வந்து’ அவர்களுக்கு ஜெரண்டு. போர்த்துகீசியம் முதலிய மொழிகளில் ஜெரண்டு என்று வழங்கும் வடிவம் பெயராகாமல் வினையைத் தழுவி நிற்பதே. ஆகவே அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆயினும், ஆங்கில வகுப்பில் ஜெரண்டு என்றால் தொழிற்பெயர் என்றும், பழைய தமிழிலக்கண ஆங்கில நூலில் ஜெரண்டு என்றால் வினையெச்சம் என்றும் படிக்கும் மாணவன் என் செய்வான்? கல்லூரியில் படித்த காலத்தில் இக்குழப்பத்தால் நான் ஒரு மாதம் அலைந்தேன்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். ‘டு ஸ்விம்’ என்பதிலுள்ள ‘டு’ எங்கிருந்து வந்தது? ஓராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் அது நம் ‘கு’ உருபை ஒத்த முன்னிடைச்சொல். அதன்பின் வினை, நான்காம் வேற்றுமை விகுதி ஏற்ற பெயராக நின்றது. அஃதாவது ‘டு ஸ்விம்’ என்பதன் பழம்பொருள் நம் ‘நீந்துதற்கு’ என்பதே. காலப்போக்கில் விகுதி தேய்ந்துவிட்டது. ‘டு’ மட்டும் எஞ்சிற்று. ‘கு’ உருபு எதிரே உள்ள ஒன்றைச் சுட்டும் அல்லவா? மதுரைக்குப் போகிறேன் என்றால் மதுரை இன்னும் வரவில்லை. அது போலவே, ‘டு’ வரும் வடிவம் பெரும்பாலும் இன்னும் நிகழாத, நோக்கி நிற்கும் செயலைச் சுட்டுகிறது. ‘இங்’ வடிவமோ பழங்காலத்தில் முழுப் பெயராகவே பிறந்தது. செயலை ஒரு பொருளாக்கிக் கையில் எடுத்துக் காட்டுவது அது.

இப்போது என் பழைய கட்டுரையைத் திருத்திப் பார்ப்போம். நீந்த விரும்புகிறேன் என்கிறோம். ‘வாண்ட் டு ஸ்விம்’ சரி. ‘நீந்த மகிழ்கிறேன்’ என்று எந்தத் தமிழ்ச் சிறுவனாவது சொல்வானா? சொல்லமாட்டான். ‘நீந்துவதில் மகிழ்கிறேன்’ என்பான். அங்கே ஆங்கிலமும் ‘என்ஜாய் ஸ்விம்மிங்’ என்கிறது. என் ஆசிரியர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், மனப்பாடம் வேண்டியிருந்திராது. ‘பேசுவதைத் தவிர்த்தான்’ என்போம். ‘பேசத் தவிர்த்தான்’ என்னோம். ‘அவாய்டு’ என்னும் வினைக்குப் பின் ‘இங்’. ‘குதிக்கத் துணிந்தான்’ என்போம். ‘குதிப்பதைத் துணிந்தான்’ என்னோம். ‘டேர்’ என்னும் வினைக்குப் பின் இன்பினிடிவ்.

முத்துக்குளிப்பவரையே எடுத்துக்கொள்ளுங்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குபவர் ஒருவர். மேலே படகில் கயிற்றைப் பிடித்து நிற்பவர் மற்றொருவர். ‘கயிற்றைக் கட்ட மறந்தான்’ என்றால் கயிறு கட்டப்படவில்லை. ஆள் ஆபத்தில் இருக்கிறான். ‘கயிற்றைக் கட்டியதை மறந்தான்’ என்றால் கயிறு கட்டப்பட்டுத்தான் இருக்கிறது, நினைவுதான் இல்லை. ஆங்கிலத்தில் முன்னது ‘ஃபர்காட் டு டை’. பின்னது ‘ஃபர்காட் டையிங்’. ஒரு வடிவ வேறுபாட்டில் ஓர் உயிர் தொங்குகிறது. இங்கே தமிழ் இன்னும் ஒருபடி தெளிவாகப் பேசுகிறது. ‘கட்டியது’ என்னும் தொழிற்பெயரே இறந்தகாலத்தைக் காட்டிவிடுகிறது. ‘டையிங்’ என்னும் ஆங்கில வடிவத்தில் அந்தக் காலக்குறி இல்லை. கேட்பவர்தாம் ஊகிக்க வேண்டும்.

‘குளிக்க நின்றான்’, ‘குளிப்பதை நிறுத்தினான்’ என்னும் இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்னவன் படகை நிறுத்திக் கடலில் இறங்கப் போகிறான். ‘ஸ்டாப்டு டு டைவ்’. பின்னவன் தொழிலையே விட்டுவிட்டான், ‘ஸ்டாப்டு டைவிங்’. நம் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் முத்துப்பார்கள் மீண்டும் அவ்வாறு விளையவில்லை. குளிப்பவர்கள் கரையில் நின்றார்கள், குளிக்க அல்ல.

நான் மிகவும் விரும்பும் சான்று ‘மறு’ என்னும் வினை. ‘வர மறுத்தான்’ என்றால் இனி வரமாட்டேன் என்கிறான். ‘வந்ததை மறுத்தான்’ என்றால் வந்தவன், வரவேயில்லை என்று சாதிக்கிறான். தமிழில் வினை ஒன்றே. வடிவ வேறுபாடுதான் பொருளைப் பிரிக்கிறது. ஆங்கிலம் இதற்கு இரு வேறு வினைகளை வைத்திருக்கிறது. முன்னதற்கு ‘ரிஃப்யூஸ்’, அதன்பின் இன்பினிடிவ். பின்னதற்கு ‘டினை’, அதன்பின் ஜெரண்டு. பிரிக்கும் கோடு இரு மொழியிலும் ஒரே இடத்தில் ஓடுகிறது.

எல்லா இடத்திலும் இக்கோடு ஒத்து ஓடும் என்று எண்ணி ஏமாற வேண்டா. ‘உங்களைக் காண ஆவலோடு காத்திருக்கிறேன்’ என்று கடிதம் முடிக்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே ‘டு சீயிங்’ என்று வரும். அந்த ‘டு’ இன்பினிடிவின் ‘டு’ அன்று, பழைய முன்னிடைச்சொல்லே. ‘வெல்ல நம்புகிறேன்’ என்பது தமிழன்று. ‘வெல்வேன் என நம்புகிறேன்’ என்பதே தமிழ். ஆங்கிலமோ ‘ஹோப் டு வின்’ என்கிறது. ‘அவன் வர விரும்புகிறேன்’ என்று நாம் சொல்வதில்லை. ‘அவன் வருவதை விரும்புகிறேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ வாண்ட் ஹிம் டு கம்’. இத்தகைய இடங்களில் தமிழ் கைவிட்டுவிடும், அங்கே மனப்பாடம்தான். ஆனால் பட்டியல் முழுவதையும் நெட்டுருச் செய்வதற்கும், ஒத்துவராத சிலவற்றை மட்டும் குறித்துவைப்பதற்கும் எத்துணை வேறுபாடு!

‘ட்ரை’ என்னும் ஆங்கில வினையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ‘ட்ரைடு டு ரைட்’ என்றால் எழுத முயன்றான், முடிந்ததோ இல்லையோ. ‘ட்ரைடு ரைட்டிங்’ என்றால்? ‘எழுதுவதை முயன்றான்’ என்றால் தமிழ் முகம் சுளிக்கும். ‘எழுதிப் பார்த்தான்’ என்பதே நேர்ச்சொல். ‘எழுதி’ என்பது நம் செய்தென்னும் வாய்பாட்டு எச்சம்; அந்த ஐரோப்பியர் ஜெரண்டு என்று பெயரிட்ட அதே வடிவம். அவர்கள் இட்ட பெயர் இந்த ஓரிடத்திலாவது ஆங்கிலத்தோடு பொருந்தி வந்துவிடுகிறது.

இன்று புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு காட்சி என் மனத்தில் எழும். வலை உலர்த்திக்கொண்டிருக்கும் பரதவ இளைஞர் சிலரிடம் ஒரு பாதிரியார் வந்து உட்காருகிறார். கையில் ஏடு. “நீ என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கிறார். “குளிக்கப் போறேன்” என்கிறான் ஒருவன். எழுதிக்கொள்கிறார். “என்ன செய்வது உனக்குக் கடினம்?” “குளிக்கிறதுதான்.” முன்னது ‘குளிக்க’, பின்னது ‘குளிக்கிறது’, ஏன் என்று மீண்டும் கேட்கிறார். அந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒருமுறையும் தவறியிருக்கமாட்டார்கள். லிஸ்பனிலுள்ள ஏட்டில் அடிகளார் பெயர் இருக்கிறது. விடை சொன்னவர்கள் பெயர் எதிலும் இல்லை.